நறுமணம் தந்த மரங்களும் நன்றி மறந்த சமுதாயமும்

 

 தணல் மீது தூவிய சாம்பிராணியின் மணத்தை அறியாதவர் நம்மில் எவரும் இலர். பள்ளியிலும் வீட்டிலும் அம்மணத்தை நுகர்ந்து மகிழ்கிறோம். ஆனால் அந்தப் பிசினைத் தரும் மரம் எது, அது எந்த மண்ணில் வளர்கிறது, அதனால் வாழ்ந்த மக்கள் யாவர், அவர்கள் ஏன் வீழ்ந்தனர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாறு அருள்மறை திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. நமக்கும் அதில் படிப்பினை உண்டு.

மரங்களும் அவற்றின் பெயர்களும்

நறுமணப் பிசின்களுள் பழங்காலம் முதல் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்றை அரபியர் ‘லுபான்’ என்றும் ‘குந்துர்’ என்றும் அழைப்பர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் குந்துருக்கம், பறங்கிச் சாம்பிராணி என்னும் பெயர்கள் அதற்கு வழங்குகின்றன. மற்றொன்று ‘முர்ர்’. அரபியில் இதற்குக் கசப்பு என்று பொருள். நாம் வெள்ளைப்போளம் என்கிறோம். யூனானி ஹகீம்கள் இதனை ‘முர் மக்கி’ என்று எழுதுவர். நாம் அன்றாடம் சாம்பிராணி என வாங்குவது பெரும்பாலும் சுமத்ரா முதலிய மழைவளம் மிக்க நாடுகளின் மரப்பிசினாகும். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா (ரஹ்) 14ஆம் நூற்றாண்டில் அதனை ‘லுபான் ஜாவி’ எனக் குறிப்பிடுகிறார். இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பது வறண்ட நிலத்து மரங்களைப் பற்றியே.

குந்துருக்க மரம் ஓமானின் ளஃபார் பகுதியிலும், யமனின் ஹள்ரமௌத்திலும், ஏடன் வளைகுடாவுக்கு அப்பால் சோமாலியாவிலும் வளர்கிறது. ளஃபார் மலைத்தொடரின் கடல்நோக்கிய சரிவு, நம் மேற்குக் கரைக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றினால் ஆண்டில் மூன்று மாதம் பசுமை பெறும். மழை எட்டாத மறுபுறத்துக் கற்பாறை நிலத்தில்தான் உயர்ந்த ரக லுபான் தரும் மரங்கள் நிற்கின்றன. வெள்ளைப்போள மரம் அதனினும் எளிய தோற்றமுடையது. யமன், சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளில் வளரும் அது, முட்கள் நிறைந்த குட்டை மரம். ஆண்டின் பெரும்பகுதி இலையின்றிக் காய்ந்த விறகு போல் நிற்கும். வழிப்போக்கன் ஏறெடுத்தும் பாரான். அத்தகைய மரத்தினுள்தான் மன்னர்கள் பொன் கொடுத்து வாங்கிய பொருளை வல்ல நாயன் வைத்தான்.

மரம் பிசினைச் சொரிவது மனிதனுக்காக அன்று. தன் பட்டையில் காயம் ஏற்படும்போது பூச்சியும் நோய்க் கிருமியும் உட்புகாதிருக்க அது காயத்தைப் பிசினால் மூடிக்கொள்கிறது. இதனை அறிந்த மனிதன் சிறு உளி போன்ற கருவியால் பட்டையைச் செதுக்கினான். பால் போல் கசிந்த துளிகள் சில நாட்களில் இறுகின. முதல் வெட்டில் கிடைப்பது தரம் குறைந்தது. சில வாரங்கள் கழித்து அதே இடத்தை மீண்டும் செதுக்கி எடுப்பதே சந்தைக்குரியது. வெள்ளைப்போளத்தைப் பெரும்பாலும் தானே கசிந்து உறைந்த நிலையிலேயே சேகரிப்பர். அது வெளிவரும்போது இளமஞ்சளாக இருந்து, காய்ந்ததும் செம்பழுப்பாகிவிடும்.

மன்னர்கள் தேடிய பொருள்

இப்பொருளுக்கு இருந்த மதிப்பை எகிப்து நாட்டுக் கற்சிற்பங்கள் இன்றும் காட்டுகின்றன. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட அரசி ஹத்ஷெப்சுத், செங்கடலின் தென்பகுதியில் இருந்த ‘புந்த்’ நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினாள். அவை பிசினோடு, வேர்மண் கலையாமல் கூடைகளில் வைத்த 31 உயிர் மரங்களையும் கொண்டுவந்தன. அக்காட்சி அவள் கட்டிய கோயிலின் சுவரில் செதுக்கப்பட்டுள்ளது. இறந்தோரின் உடலைப் பதப்படுத்த எகிப்தியர் வெள்ளைப்போளத்தைப் பயன்படுத்தினர். கிரேக்கரும் ரோமரும் தம் கோயில்களிலும் ஈமச் சடங்குகளிலும் குந்துருக்கத்தை எரித்தனர். ஈஸா (அலை) அவர்கள் பிறந்தபோது கீழ்த்திசை அறிஞர்கள் பொன்னோடு இவ்விரு பிசின்களையும் காணிக்கையாகக் கொணர்ந்ததாகக் கிறிஸ்தவர்களின் மத்தேயு நற்செய்தி கூறுகிறது. பொன்னுக்கு அருகில் வைத்து எண்ணப்பட்ட பொருள்கள் இவை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

மரங்கள் நிற்கும் இடத்தை அயலார் அறியாதிருக்க வணிகர்கள் பல கதைகளைப் பரப்பினர். சிறகுள்ள பாம்புகள் அம்மரங்களைக் காவல் காக்கின்றன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம அறிஞர் பிளினி தரும் செய்திகள் கூடுதல் நம்பகமானவை. பிசின் முழுவதும் ஹள்ரமௌத்தின் தலைநகரான ஷப்வாவுக்கு வந்து சேர வேண்டும். நகருக்குள் நுழைய ஒரே ஒரு வாயில்தான். வழிமாறிச் சென்றால் மரண தண்டனை. அங்குக் கோயிலுக்கு என்று பத்தில் ஒரு பங்கு எடுத்த பின்னரே விற்பனை நடக்கும். அடுத்த நாடான கதபானின் தலைநகர் திம்னாவிலிருந்து மத்தியதரைக் கடற்கரையின் காஸா வரை ஒட்டகங்கள் தங்கிச் செல்லும் இடங்கள் 65. வழியெங்கும் தண்ணீருக்கு, தீவனத்துக்கு, தங்குமிடத்துக்கு, சுங்கத்துக்கு எனக் கொடுத்துக் கொடுத்து, கரை சேர்வதற்குள் ஓர் ஒட்டகத்துக்கு 688 தினாரியஸ் செலவாகும். ‘தீனார்’ என்னும் சொல் இந்நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததே. அலெக்ஸாந்திரியாவில் பிசினைத் தரம் பிரித்த தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் ஆடை களைந்து சோதிக்கப்பட்ட பின்னரே வெளியே விடப்பட்டனர்.

பிளினி போகிற போக்கில் மற்றொரு செய்தியையும் கூறுகிறார். முன்பு ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே பிசின் எடுத்தனர். விற்பனை பெருகியதும் இரண்டாவது அறுவடையையும் வழக்கமாக்கினர். மரம் அதுவேதான், மனிதனின் ஆசை மட்டும் இரு மடங்காயிற்று. இச்செய்தியை நாம் நினைவில் இருத்திக்கொள்வோம்.

ஸபஃ மக்களும் பயணத் தங்கலிடங்களும்

இப்பாதையின் தென்கோடியில் செழித்த அரசுகளுள் முதன்மையானது ஸபஃ. அதன் தலைநகர் மஃரிப். திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் இம்மக்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் 15 முதல் 19 வரையிலான வசனங்களில் அல்லாஹ் இவர்களுக்கு வழங்கிய இரு அருட்கொடைகள் பேசப்படுகின்றன. ஒன்று, வலமும் இடமும் அமைந்த தோட்டங்கள். மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களின் ஊருக்கும் பரக்கத் செய்யப்பட்ட ஊர்களுக்கும் இடையே, கண்ணில் தென்படும் ஊர்களை அல்லாஹ் அமைத்தான். பயணத்தின் தங்கலிடங்களை அளவோடு நிர்ணயித்தான். இரவும் பகலும் அச்சமின்றிச் செல்ல அருளினான். பரக்கத் செய்யப்பட்ட ஊர்கள் என்பது ஷாம் தேசத்தைக் குறிக்கும் என்பர் முஃபஸ்ஸிரீன்கள்.

திருமறை இங்கு எந்த வணிகப் பொருளின் பெயரையும் கூறவில்லை. ஆயினும் தென் அரபகத்திலிருந்து வடதிசை நோக்கித் தங்கித் தங்கிச் சென்ற வணிகக் கூட்டங்களின் முதன்மைச் சரக்கு நறுமணப் பிசின்களே என்பதற்கு வரலாற்றில் சான்று நிரம்ப உள்ளது. ரோமர் எண்ணிக் கணக்கிட்ட 65 தங்கலிடங்களை நாம் வியக்கிறோம். பாலையில் பசியும் தாகமும் கொள்ளையர் பயமும் இல்லாமல் இத்துணைத் தொலைவைக் கடப்பது மனிதத் திறமையால் மட்டும் நிகழ்ந்ததன்று; அது ஓர் அருள் என்பதை வேதம் நமக்கு உணர்த்துகிறது.

அம்மக்கள் செய்தது என்ன? பயணத் தொலைவை நீட்டித் தருமாறு கேட்டார்கள். தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டார்கள். நன்றி மறந்தார்கள். ‘ஸைலுல் அரிம்’ எனும் பெருவெள்ளம் வந்தது. கனிச் சோலைகள் இருந்த இடத்தில் கசந்த கனிகளும், சவுக்கைப் போன்ற பாலைமரங்களும், சிறிதளவு இலந்தையும் மிஞ்சின. அவர்கள் சிதறடிக்கப்பட்டுப் பிற்காலத்தார் பேசும் கதைகளாக ஆக்கப்பட்டார்கள்.

மஃரிப் அணையின் நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். அது பல முறை உடைந்தும், பழுது பார்க்கப்பட்டும் வந்ததை அங்குக் கிடைத்த கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கடைசியாக 6ஆம் நூற்றாண்டின் நடுவில் பழுது பார்த்தவன், யானைப் படையோடு கஅபாவைத் தாக்க வந்தவனாக நாம் அறிந்துள்ள அதே அப்ரஹா. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அணை மீட்க முடியாதபடி அழிந்தது. தலைமுறைகள் கட்டிக் காத்ததைப் பின்வந்தோர் பேணத் தவறினால் நேர்வது இதுவே. இன்று மஃரிபின் சின்னங்களை 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த அன்றே, யமன் போரின் காரணமாக, ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலிலும் அவை இடம்பெற்றன.

கடல்வழியும் தமிழகமும்

ஒட்டகப் பாதையின் ஏகபோகம் வெள்ளத்துக்கு முன்பே தளரத் தொடங்கிவிட்டது. கி.மு. 26இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், எகிப்தின் ஆளுநர் ஏலியஸ் காலஸ் தலைமையில் படையை அனுப்பித் தென் அரபகத்தைக் கைப்பற்ற முயன்றார். படை மஃரிப் அருகே வரை சென்று, தண்ணீரின்றியும் நோயினாலும் திரும்பியது. வாளால் முடியாததைப் பருவக்காற்று முடித்து வைத்தது. கப்பல்கள் செங்கடலிலிருந்து நேரே யமனுக்கும் இந்தியாவுக்கும் செல்லலாயின. பாலைவழியின் சுங்கச்சாவடிகள் மெல்ல மெல்ல வெறிச்சோடின. பின்னர் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தைத் தழுவியதும் பழைய கோயில்களில் எரிக்கப்பட்ட பிசினுக்கான தேவையும் சுருங்கியது.

இக்கடல்வழியில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. ஓமானின் கோர் ரோரி என்னுமிடம் பழங்காலத்தில் ‘ஸும்ஹுரம்’ எனப்பட்ட லுபான் ஏற்றுமதித் துறைமுகமாகும். அங்கு இத்தாலிய அகழாய்வாளர்கள் கண்டெடுத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ‘கீரன்’ என முடியும் தமிழ்ப் பெயர் அது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது. இச்செய்தி 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. லுபான் மூட்டைகள் கப்பலேறிய துறையில் தமிழர் ஒருவர் தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்!

இஸ்லாம் தோன்றிய பின்னரும் இவ்வுறவு தொடர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையான மஃபருக்குக் குதிரைகளைக் கொண்டுவந்த துறைமுகங்களின் வரிசையில் ஏடன், ஷிஹ்ர் ஆகியவற்றோடு ளஃபாரையும் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். லுபான் விளைந்த அதே கரை அது. 14ஆம் நூற்றாண்டில் ளஃபாருக்குச் சென்ற இப்னு பதூதா (ரஹ்), அங்கு வெற்றிலையும் தென்னையும் பயிராவதைக் கண்டு எழுதினார்.

குறைஷியரின் வாணிபம்

மக்கமா நகரக் குறைஷியர் வாசனைப் பிசின் வணிகத்தால் பெருஞ்செல்வம் குவித்தனர் என்று சில நூல்களில் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதனைச் சற்று நிதானித்துக் கூறுவதே நேர்மை. குறைஷியரின் குளிர்காலப் பயணம் யமனுக்கும், கோடைகாலப் பயணம் ஷாமுக்கும் சென்றதை 106ஆம் அத்தியாயத்தின் விளக்கங்களில் படிக்கிறோம். ஆனால் அவர்கள் காலத்தில் ரோமரின் பெருஞ்சந்தை முடிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களின் சரக்குகளாக நம் பழைய நூல்களில் அதிகம் பேசப்படுபவை தோல், துணி, உலர் திராட்சை போன்றவை. நறுமணப் பொருள்களும் இருந்தன. அபூஜஹ்லின் தாயார் அஸ்மா பின்த் முகர்ரிபா, யமனிலிருந்து தம் மகன் ஒருவர் அனுப்பிய அத்தரை மதீனாவில் விற்று வந்ததாக அறிவிப்பு உள்ளது. ஆயினும் பழைய ஸபஃவின் செல்வம் அவர்களிடம் இருந்ததாகக் கூறுவது மிகை. பசிக்கு உணவும் அச்சத்திலிருந்து அபயமும் தந்த இவ்வீட்டின் இரட்சகனை வணங்குங்கள் என்பதே அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஸபஃ மக்களுக்குச் சொல்லப்பட்டதும் சாரத்தில் இதுவே.

பள்ளியும் நறுமணமும்

மார்க்கத்தில் நறுமணத்துக்கு உயர்ந்த இடம் உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் பள்ளிகளைக் கட்டவும், அவற்றைத் தூய்மையாகவும் நறுமணத்தோடும் வைத்திருக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அகில் கட்டையைத் தனித்தும், கற்பூரம் சேர்த்தும் புகைத்து, நபி (ஸல்) அவர்களும் இவ்வாறே செய்தார்கள் என்று கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் நுஐம் இப்னு அப்தில்லாஹ் (ரஹ்) அவர்களுக்கு ‘அல்முஜ்மிர்’ என்று பட்டப்பெயர். நறும்புகை இடுபவர் என்பது அதன் பொருள். மஸ்ஜிதுந் நபவியில் புகையிட்ட பணியால் வந்த பெயர் அது. பள்ளிக்கு மணமூட்டிய பணியே ஹதீஸ் அறிவிப்பாளர் ஒருவரின் அடையாளமாக நிலைத்தது எத்துணைச் சிறப்பு!

அதே வேளையில் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். வீடுகளில் லுபான் புகையிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஒரு வாசகம் பரவலாகச் சொல்லப்படுகிறது. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் அதனை எடுத்துக்காட்டி, அது நபி (ஸல்) அவர்களிடமிருந்து ஆதாரபூர்வமாக வரவில்லை என்று தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஆகவே மணத்துக்காகவும் தூய்மைக்காகவும் புகையிடுவது நல்லது. புகைக்கே ஒரு சக்தி உண்டென்று நம்புவதும், இல்லாத ஹதீஸை அதற்குச் சான்றாக்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

இன்று அம்மரங்களின் நிலை

பிளினி கண்ட இரண்டாவது அறுவடை இன்று பன்மடங்காகப் பெருகிவிட்டது. வாசனைத் திரவியம், அழகுப் பொருள், மருந்து எனப் பல தொழில்களுக்கு இப்பிசின்கள் வேண்டப்படுகின்றன. எரித்திரியா நாட்டில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மிகுதியாகப் பிசின் எடுக்கப்பட்ட மரங்களின் விதைகளில் 16 விழுக்காடு மட்டுமே முளைத்தன. காயப்படுத்தப்படாத மரங்களின் விதைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் முளைத்தன. தன் காயத்தை மூடவே உணவனைத்தையும் செலவிடும் மரத்துக்குச் சந்ததியைப் பேண வலுவில்லை. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் நாடுகளின் குந்துருக்கக் காடுகளில் பல பத்தாண்டுகளாக இளமரங்களே தலையெடுக்கவில்லை என்றும், 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகக் குறையலாம் என்றும் 2019இல் வெளிவந்த ஆய்வு எச்சரித்தது. கால்நடை மேய்ச்சல், காட்டுத் தீ, வண்டுகள், ஓய்வின்றி வெட்டுதல் ஆகியவை காரணங்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். வெள்ளைப்போளத்தின் நெருங்கிய உறவான குக்குலு மரம் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட நிலத்துக்குரியது. விரைவில் பிசின் பெறும் பொருட்டுக் காயத்தில் இரசாயனக் கலவை பூசப்படுவதால் மரமே பட்டுப்போகிறது. அது இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

நாம் செய்யத்தக்கவை

ஸபஃ மக்களின் வரலாற்றைப் பயானில் கேட்டுவிட்டு, ‘அவர்கள் நன்றி கெட்டவர்கள்’ என்று சொல்லிக் கலைந்து செல்வது எளிது. நன்றி என்பது நாவால் மொழிவது மட்டுமன்று. கொடுக்கப்பட்டதை அழியாமல் பேணுவதும் நன்றியே. மரத்துக்கு ஓய்வு கொடுத்து எடுப்பவன் நன்றி செலுத்துகிறான். அடுத்த தலைமுறையின் பங்கையும் சேர்த்து வெட்டுபவன் பயணத் தொலைவை நீட்டிக் கேட்டவர்களின் வரிசையில் நிற்கிறான். வாங்கும் நமக்கும் இதில் பொறுப்புண்டு. தேவைக்கு மட்டும் வாங்குவோம், கலப்படமற்றதை வாங்குவோம், தணலில் அள்ளிக் கொட்டி வீண்விரயம் செய்யாதிருப்போம்.

நம் கைக்கெட்டும் செயல் ஒன்றும் உண்டு. தமிழகத்தின் மேட்டுநிலங்களில் உயிர்வேலியாக நிற்கும் கிளுவையை நாம் அறிவோம். கொங்கு நாட்டுக் கொறங்காடுகளைச் சுற்றி முட்கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. இக்கிளுவை வெள்ளைப்போள மரத்தின் அதே பேரினத்தைச் சேர்ந்தது. ஒரு போத்தை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினாலே வேர்பிடிக்கும், வறட்சியைத் தாங்கும், ஆட்டுக்குத் தழையும் பறவைக்குக் கனியும் தரும். இன்று கம்பி வேலிக்காகவும் கற்காலுக்காகவும் கிளுவை வேலிகள் பிடுங்கப்படுகின்றன. பள்ளியின் நிலங்களிலும் மையவாடியின் சுற்றெல்லையிலும் சுவர் எழுப்ப இயலாத பகுதிகளில் கிளுவைப் போத்துகளை ஊன்றி வளர்ப்பது குறித்து ஜமாஅத்தார் ஆலோசிக்க வேண்டுகிறோம். இளைஞர்கள் ஒரு மழைக்காலத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி இது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, கால்நடையோ, பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற நபிமொழி அன்றோ!

வல்ல ரஹ்மான் நம்மை அவனுடைய அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக ஆக்குவானாக! நம் பள்ளியையும் உள்ளங்களையும் நறுமணத்தால் நிரப்புவானாக! பின்வருவோருக்குச் செழிப்பான பூமியை விட்டுச் செல்ல நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.